மூளை முடக்குவாதமும் காக்ளியர் இம்பிளான்ட்டும்: என் மகளோடு கற்றவை

என் மகளுக்கு இப்போது 11 வயது. பிறந்த முதல் வாரத்தில் வந்த கடும் மஞ்சள் காமாலை அவளுடைய உடலசைவையும் செவியையும் ஒருசேரத் தாக்கியது. மூளை முடக்குவாதத்துக்கு ஒரு துறை, காது கேளாமைக்கு வேறொரு துறை என்று அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், இரண்டையும் சேர்த்துப் பார்த்து வழி சொல்பவர் எங்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. நான்கு வயது நிறைவதற்குள் அவளுக்கு, ஒலியை மின் துடிப்பாக்கிச் செவிநரம்புக்கு நேரே அனுப்பும் காக்ளியர் இம்பிளான்ட் என்னும் கருவி அறுவை சிகிச்சை மூலம் பொருத்தப்பட்டது. இன்றுவரை அவள் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் நன்றாகக் கேட்கிறாள், கேட்டதைப் புரிந்துகொள்கிறாள். இம்பிளான்ட் பயன்பட்டதா என்பதைப் பேச்சை வைத்து மட்டுமே அளப்பவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். வேறு குறைபாடுகளும் உள்ள குழந்தைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகை, என் கணவருக்கு பாசிட்டிவ். முதல் பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டிய ஆன்டி-டி ஊசி எனக்குப் போடப்படவில்லை. அதனால் என் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் தாக்கி, இரண்டாவது குழந்தையான இவளுடைய ரத்த அணுக்கள் வேகமாகச் சிதைந்து, பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் அளவுக்கு மீறி ஏறியது. அது மூளைக்குள் புகும்போது இரண்டு இடங்களைத் தேடிப் பிடிக்கிறது. ஒன்று, உடலசைவை ஒழுங்குபடுத்தும் ஆழ்பகுதி. மற்றொன்று, செவிநரம்பும் அது சென்று சேரும் மூளைத்தண்டின் பகுதிகளும். சிந்திக்கும் ஆற்றலுக்குரிய புறணி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகவே இவ்வகைக் குழந்தைகள் பலருக்கு அறிவு நன்றாகவே இருக்கும். கை கால் முகம் எல்லாம் தம் விருப்பமின்றி முறுக்கிக்கொள்வதாலும் காது கேளாததாலும் அது வெளியே தெரியாமல் போகும். கருவுற்ற பெண்கள் தங்கள் ரத்த வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சத்துக்குப் போகக்கூடும் என்பதால், இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டால் மறுபடியும் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

செவிப்பரிசோதனையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்யும் ஓஏஇ பரிசோதனை, உட்காதில் உள்ள மயிரணுக்கள் வேலை செய்கின்றனவா என்பதை மட்டுமே காட்டும். காமாலையால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அந்த அணுக்கள் நன்றாக இருக்கும். அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புத் துடிப்புகளின் ஒத்திசைவுதான் குலைந்திருக்கும். மகளின் ஓஏஇ அறிக்கையில் இரண்டு காதுகளுமே தேர்ச்சி பெற்றதாக எழுதியிருந்தது. ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகளை அளப்பது பெரா பரிசோதனை. அதே குழந்தைக்குப் பின்னர் எடுத்த அந்தப் பரிசோதனையில் ஓர் அலைகூட எழவில்லை. இந்நிலைக்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும், காமாலைக்காக ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கும் ஓஏஇ மட்டும் போதாது, பெரா பரிசோதனையும் அவசியம். இதைப் பெற்றோர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஓஏஇ அறிக்கையைக் காட்டி, 'காது நன்றாக இருக்கிறது, முடக்குவாதத்தால்தான் திரும்பிப் பார்க்கவில்லை' என்று அனுப்பப்பட்ட குழந்தைகள் சிலரை நான் பிற்காலத்தில் சந்தித்திருக்கிறேன்.

ஆடிட்டரி நியூரோபதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரா அலை எழாததை மட்டும் வைத்துக் குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்று சொல்லிவிட முடியாது. காமாலையால் வந்ததாக இருந்தால், சில குழந்தைகளுக்கு முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு ஓரளவு தேறி வருவதும் உண்டு. அதனால் பரிசோதனையை இடைவெளி விட்டு மீண்டும் செய்ய வேண்டும். அதற்கிடையே செவித்துணைக் கருவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிக்கு அவள் என்ன செய்கிறாள் என்று உற்றுப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்ப முடியாத குழந்தையிடம் 'ஒலி வந்த பக்கம் திரும்புகிறாளா' என்று பார்ப்பதில் பயனில்லை. என் மகளிடம் நாங்கள் கண்டுகொண்ட அடையாளங்கள் வேறு: மூச்சை ஒரு கணம் பிடிப்பாள், கண்ணிமை விரியும், கால் பெருவிரல் நீண்டு நிற்கும். செவித்துணைக் கருவி போட்டிருந்தபோது இவற்றில் எதுவும் நிலையாக வரவில்லை. அந்தப் பதிவுகள்தாம் இம்பிளான்ட் பற்றிய முடிவுக்கு உதவின.

முதலில் சென்ற ஒரு மருத்துவமனையில், 'இந்தக் குழந்தைக்குப் பேச்சு வராது, ஆகவே அறுவை சிகிச்சை வீண்' என்று சொல்லிவிட்டார்கள். இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1990இல் குழந்தைகளுக்கு இம்பிளான்ட் அனுமதிக்கப்பட்ட தொடக்க காலத்தில், வேறு குறைபாடுள்ள குழந்தைகளைத் தேர்விலிருந்து விலக்கிவைப்பதே வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் அந்த வேலி மெல்ல விலகியது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளில் 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு வேறொரு குறைபாடும் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களையெல்லாம் ஒதுக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள் வெளியே நிற்பார்கள். இக்குழந்தைகளின் முன்னேற்றம் மெதுவாக இருக்கும், ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடும், சிலருக்குப் பேச்சு வராது. இதை மறைக்காமல் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரைப் பற்றிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த இரண்டாவது மருத்துவர், 'பேச்சுக்கு நான் உறுதி தர முடியாது. கேட்டால் இவளுடைய ஒரு நாள் எப்படி மாறும் என்று நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்' என்று கேட்டார்.

நாங்கள் யோசித்தோம். நடக்கும் குழந்தைக்குக் காது கேளாவிட்டால் அது எழுந்து வந்து அம்மா எங்கே என்று தேடிக்கொள்ளும். தலையைக்கூட வேண்டிய பக்கம் திருப்ப முடியாதவளுக்குக் கண்ணெதிரே தெரியும் சிறு பகுதிதான் உலகம். நான் எழுந்து சமையலறைக்குப் போனால் அவளைப் பொறுத்தவரை நான் இல்லாமலே போய்விடுகிறேன். விளக்கை அணைத்தால் எல்லாரும் மறைந்துவிடுகிறோம். அவள் அழுகையில் பாதி இதனால்தான் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆகவே உடல் அசையாத குழந்தைக்குக் கேட்கும் திறன் மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை. தன் பெயரை அறிய வேண்டும், இருட்டில் எங்கள் குரலை அறிய வேண்டும், கேட்பதற்கு ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு வழியில் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். பிறகு வந்த சோர்வான மாதங்களில் அந்த நோட்டுதான் எங்களைப் பிடித்து நிறுத்தியது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானத்துக்கான வரம்பு இப்போது 1,20,000 ரூபாய். பல குறைபாடுகள் உள்ள குழந்தைகள் இந்த வயது வரம்பில்தான் தவறிப்போகிறார்கள். முதலில் வலிப்பு அடங்கட்டும், பிறகு இதயம், பிறகு இடுப்பு மூட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரும்போது காது எப்போதும் கடைசியில் நிற்கிறது. அதற்குள் மூளை ஒலியைப் பழகிக்கொள்ளும் இளம் பருவமும் கழிந்துவிடுகிறது. உயிரைக் காக்கும் சிகிச்சையை முதலில் செய்யத்தான் வேண்டும். ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போதே பெரா, ஸ்கேன், மனநல மதிப்பீடு, காப்பீட்டுக் காகிதங்கள் ஆகியவற்றைத் தொடங்கிவிடலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் எங்களைப் போன்றவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. எந்தக் காதில் பொருத்துவது என்பது முக்கியமான கேள்வி. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகள் பலருக்குத் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்து திரும்பும். அந்தப் பக்கம் பொருத்தினால், உள்ளே இருக்கும் கருவிக்கு ஒலியை அனுப்புவதற்காகக் காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டும் காயில் என்னும் வெளிப்பகுதி நாள் முழுவதும் நாற்காலியில் உரசி விழுந்துகொண்டே இருக்கும். மகள் வலப்புறமே சாய்வாள் என்பதை நாங்கள் வீடியோவாகக் காட்டினோம். இரண்டு நரம்புகளும் ஸ்கேனில் ஒரே மாதிரி தெரிந்ததால் அறுவை மருத்துவர் இடக்காதைத் தேர்ந்தெடுத்தார். மூளைக்கு எம்ஆர்ஐ தேவைப்படும் குழந்தையாக இருந்தால் அதை முன்னதாகவே முழுமையாக எடுத்துவிட வேண்டும். உள்ளே காந்தம் வைத்த பிறகு எம்ஆர்ஐ எடுப்பதற்கு அந்தந்த மாடலுக்குரிய கட்டுப்பாடுகள் உண்டு, படத்திலும் அந்தப் பகுதி மறைந்துபோகும். உணவு புரையேறும் பழக்கம், நெஞ்சுச் சளி, வலிப்பு மருந்து ஆகிய மூன்றையும் மயக்க மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசியை அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது முடித்திருக்க வேண்டும்.

காயம் ஆறிச் சில வாரங்களுக்குப் பிறகு கருவியை முதன்முறையாக ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். குழந்தை அம்மாவின் குரலைக் கேட்டுச் சிரிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அந்த நாளுக்குப் போகாதீர்கள். என் மகள் திடுக்கிட்டு உடலெல்லாம் விறைத்தாள். சிறு குழந்தைகளுக்கு இயல்பாக மறைந்துவிடும் திடுக்கிடும் அனிச்சை, இவர்களுக்கு நீடித்திருப்பதே அதற்குக் காரணம். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே இவர்களுக்கு ஏற்றது.

மேப்பிங் என்பது, உட்காதின் சுருள் பகுதியான காக்ளியாவுக்குள் இருக்கும் ஒவ்வொரு மின்முனைக்கும் எந்த அளவில் ஒலி கேட்கத் தொடங்குகிறது, எந்த அளவு வரை இதமாக இருக்கிறது என்று கணித்து, ஒலியை வாங்கி மாற்றும் வெளிக்கருவியான பிராசஸரில் பதிவதாகும். மற்ற குழந்தைகள் ஒலி கேட்டதும் ஒரு கட்டையை எடுத்துப் போடுவார்கள். கை கட்டுப்படாத குழந்தைக்கு அது நடக்காது. நரம்பின் பதிலை நேரடியாக அளக்கும் முறைகளும், செவித் தசையின் அனிச்சையை அளக்கும் முறையும் உள்ளன. ஆனால் நியூரோபதி உள்ளவர்களுக்கு முதலாவதில் தெளிவான பதில் எப்போதும் வருவதில்லை, இரண்டாவதற்குக் குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். எங்களுக்கு உதவியது ஓர் எளிய மாற்றம். மடியில் வைத்துக்கொண்டிருந்தவரை அவளுடைய முழுக் கவனமும் விழாமல் இருப்பதிலேயே செலவாகியது. அவளுக்கென்று செய்த நாற்காலியை ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் கொண்டுபோய், இடுப்பைப் பட்டையால் பிணைத்து, பாதங்களைப் பலகையில் ஊன்றவைத்து உட்காரவைத்தபோது உடல் அடங்கியது. மூச்சும் கண்ணும் தெளிவாகப் பதில் சொல்லத் தொடங்கின. முறுக்கத்தைக் குறைக்கும் மருந்து வேலை செய்யும் நேரத்தையும், சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நேரத்தையும் பார்த்து முன்பதிவு செய்துகொண்டோம். செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கால் பெருவிரலைக் கவனிக்கச் சொன்னபோது அவர் முதலில் வியந்தார், பிறகு தம் குறிப்பேட்டிலேயே அதை எழுதிக்கொண்டார்.

முகத்தில் தானாக வரும் சுளிப்புகளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. சில மின்முனைகள் அருகில் ஓடும் முகநரம்பையும் தூண்டிவிடும். பொருத்திய பக்கத்து இமையோ உதட்டோரமோ மட்டும், ஒலி வரும் அதே நேரத்தில் துடித்தால் அது முடக்குவாதத்தின் சுளிப்பு ஆகாது. உடனே தெரிவித்தால் அந்த மின்முனையைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்வார்கள்.

வீட்டில் பெரும்பாடு காயிலை அதன் இடத்தில் நிறுத்துவதுதான். நாற்காலியின் தலைத்தாங்கியில் காயில் படும் இடத்தை மட்டும் கிண்ணம்போல் குடைந்து மெத்தை வைக்கச் சொன்னோம், தலைப்பட்டை தைத்தோம், பிராசஸரைக் காதில் மாட்டாமல் நீளமான வயரோடு சட்டையின் தோள்பட்டையில் கிளிப் போட்டுப் பொருத்தினோம். விழாமல் இருக்க வேண்டும் என்று காந்தத்தின் வலிமையைக் கூட்டச் சொல்வது ஆபத்து. தோல் சிவந்து புண்ணாகிவிடும், அதை இந்தக் குழந்தைகளால் சொல்லவும் முடியாது. இரவு காயிலைக் கழற்றியதும் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டில் பல் துலக்குவதைப்போல் வழக்கமாகிவிட்டது. வாயிலிருந்து எச்சில் ஒழுகும் குழந்தைகளுக்கு வயரும் மைக்கும் விரைவில் கெட்டுவிடும். மைக்கைக் கன்னத்துக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் தவறாமல் போட வேண்டும்.

பிசியோதெரபிஸ்டிடமும் மற்ற பயிற்சியாளர்களிடமும் இம்பிளான்ட் இருப்பதை எழுத்தில் கொடுங்கள். மின்காந்த அலைகளால் தசையைச் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மி இவர்களுக்குக் கூடாது. எச்சிலையோ விழுங்குவதையோ சரிசெய்வதற்காகக் கழுத்திலும் முகத்திலும் கொடுக்கும் மின் தூண்டலும் கூடாது. பிளாஸ்டிக் சறுக்கு, பந்துத் தொட்டி போன்ற பயிற்சி அறைப் பொருள்களில் உருவாகும் நிலைமின்சாரம் பிராசஸரில் பதிந்த மேப்பைக் கெடுக்கக்கூடும். அவற்றில் ஏற்றுவதற்கு முன் பிராசஸரைக் கழற்றிவிடுவது நல்லது. எதிர்காலத்தில் இடுப்பு, முதுகு அறுவை நடந்தால், தலை, கழுத்துப் பகுதியில் ஒற்றைமுனை மின்கத்தியைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அந்த மருத்துவரிடமும் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

கேட்புப் பயிற்சிக்குச் சென்றபோதுதான் உண்மையான போராட்டம் தொடங்கியது. அந்தப் பயிற்சி, குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் என்ற எதிர்பார்ப்பில் அமைந்தது. ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிக் காத்திருப்பார்கள். அவள் வாய் கோணுமேயொழிய ஒலி வராது. 'பதில் இல்லை' என்று எழுதுவார்கள். இவளுக்கு நாக்கும் உதடும் கட்டுப்படாததுதான் தடையே தவிர, ஒலி எட்டாததல்ல. ஆகவே பதில் சொல்லும் வழியை மாற்றிக்கொண்டோம். இரண்டு பொருள்களை இரு பக்கமும் பிரித்துப் பிடித்து ஒன்றின் பெயரைச் சொன்னால், அவள் கண்ணால் தொட்டுக் காட்ட வேண்டும். இதிலும் ஒரு நுட்பம் இருந்தது. முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கு 'ஆம்' என்றால் மேலே பார் என்று கற்பிப்பது வழக்கம். காமாலையால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண்ணை மேலே உயர்த்துவதே கடினம்; அந்நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அவள் புரியாமல் விழிக்கிறாள் என்று பயிற்சியாளர் எண்ணிய மாதங்களில், உண்மையில் அவளால் கண்ணை உயர்த்த முடியவில்லை. இமையை அழுத்தி மூடுவது 'ஆம்', இடப்பக்கம் பார்ப்பது 'இல்லை' என்று மாற்றிய பிறகு அவள் எவ்வளவு கேட்டு வைத்திருந்தாள் என்பது எங்களுக்கே தெரியவந்தது. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்பதும் முக்கியம். அவளுடைய பதில் உடல் வழியாக வெளிவருவதற்கு நேரம் பிடிக்கும். நாம் அவசரப்பட்டு மறுபடி கேட்டால் அது பாதியிலேயே கலைந்துவிடும்.

படங்களும் கருவிகளும் பேச்சைத் தடுத்துவிடும் என்று அஞ்சி அவற்றை ஒதுக்கிவைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். எங்கள் அனுபவம் அதற்கு மாறானது. கண்ணால் காட்டும் படப்பலகையில் தொடங்கி, சென்னையில் உருவான ஆவாஸ் செயலிக்கு இப்போது வந்திருக்கிறாள். அதில் படத்தைத் தேர்ந்தால் கருவி தமிழிலேயே குரல் கொடுக்கும். அந்தக் குரலை அவள் தன் காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறாள். தவறான படம் ஒலித்தால் முகம் சுளிக்கிறாள். இம்பிளான்ட் இல்லையென்றால் அந்தச் செயலி அவளுக்கு ஊமைப் படங்களாகவே இருந்திருக்கும்.

மேப்பிங் அறைகளின் வாசலில் பழகிய மற்ற குடும்பங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இம்பிளான்ட் ஓரிரு வயதிலேயே பொருத்தப்படுவதால், ஆட்டிசம் அதற்குப் பிறகே தெரியவந்த பிள்ளைகள் உண்டு. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதபோது கருவி பழுது, மேப் தவறு, தாய் பயிற்சி தரவில்லை என்றெல்லாம் பழி போகிறது. குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சி மதிப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். காயிலைப் பிடுங்கி எறியும் அப்பிள்ளைகளுக்கு, பிடித்த ஒரு பாட்டோடு சிறிது நேரம் எனத் தொடங்கிய குடும்பங்கள் முழுநாளுக்கு வந்து சேர்ந்தன. கர்ப்பத்தில் ரூபெல்லா தாக்கிக் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, பிராசஸரை மாட்டும் முன் அதைக் கையில் தொட்டு உணரக் கொடுப்பதை அவர்களுடைய தாய்மார் வழக்கமாக்கியிருந்தார்கள். எச்சரிக்கையின்றி ஒலி வந்து விழுவது அவர்களை மிரட்டிவிடும். செவிநரம்பே உருவாகாத குழந்தைக்கு இம்பிளான்ட் பயன்தராது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொன்னால், அந்தக் குடும்பம் சைகையிலும் தொடுகையிலும் முழுமனத்தோடு இறங்குவதே அக்குழந்தைக்குச் செய்யும் நன்மை.

காகிதங்களில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கும்போது செவித்திறன் குறைபாடு என்று மட்டும் பதியாமல், பல்வகைக் குறைபாடு என்று பதியச் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத் தனிவகையாகவே ஏற்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு, காது கேளாமை மட்டுமே உள்ளவர்களுக்குக் கிடைக்காது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தொடர் பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதால், தொலைவிலிருந்து வருபவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு வயர், காயில், பேட்டரி எல்லாம் நம் செலவு. அசைவு அதிகமுள்ள குழந்தைக்கு வயர் மற்றவர்களைவிட அடிக்கடி அறும். எனவே ஒரு வயரும் ஒரு காயிலும் எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறோம், அதற்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குகிறோம். பிராசஸர் பழுதான ஒரு வாரத்தில், இரவு விளக்கணைத்ததும் பழைய அழுகை திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு, என் மாமியார் தன் முதியோர் ஓய்வூதியத்திலிருந்தும் அந்தத் தொகைக்குப் பணம் தரத் தொடங்கினார்.